அப்லோடு 4 எம்பிபிஎஸ்தான் வருகிறதா? கேம் லைவைத் தெளிவாக அனுப்பும் வழி

பெங்களூருவில் பிஜி அறையிலும் சின்ன வாடகை வீட்டிலும் இருந்துகொண்டு தமிழில் கேம் லைவ் போடுகிறவர்களுக்கு வரும் தொல்லை பெரும்பாலும் ஒரே மாதிரிதான். மெனு திரையில் படம் பளிச்சென்று இருக்கும். ஆட்டம் தொடங்கி ஓட ஆரம்பித்ததும் புல்லும் சுவரும் கட்டம் கட்டமாகக் கரைந்துவிடும். பிளான் 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்), கிராஃபிக்ஸ் கார்டும் புதுசு, பிறகு ஏன் இப்படி? கையில் இருக்கும் அப்லோடுக்கு, அதாவது உங்கள் பக்கமிருந்து வெளியே அனுப்பும் வேகத்துக்கு, பொருந்தாத அளவில் படத்தை விரித்து அனுப்புவதுதான் காரணம். ஒரு கரண்டி மாவில் கல் முழுக்கத் தோசை இழுத்தால் நடுவில் பிய்ந்துதான் போகும். மாவைக் கூட்ட முடியாவிட்டால் தோசையைச் சிறிதாக வார்க்க வேண்டும்.

1080பி (படத்தின் உயரம் 1080 பிக்சல்) என்ற எண்ணைக் கைவிட மனம் வராததுதான் இதில் பெரிய தடை. உங்கள் லைவைப் பார்க்கிறவர் ஓசூரிலோ மதுரையிலோ ஆறு அங்குல கைபேசித் திரையில்தான் பெரும்பாலும் பார்க்கிறார். உடைந்த 1080பியைவிட உடையாத 720பி, ஏன், 576பி கூட அவர் கண்ணுக்குத் தெளிவாகவே இருக்கும்.

படம் எங்கே உடைகிறது

வீடியோவைச் சுருக்கி அனுப்பும் எச்.264 என்கோடர் ஒவ்வொரு ஃப்ரேமையும் (தனிப்படத்தையும்) முழுப் படமாக அனுப்புவதில்லை. முந்தைய ஃப்ரேமிலிருந்து என்ன மாறியதோ அதை மட்டும் அனுப்புகிறது. மெனு அசையாது, அதனால் கொஞ்சம் பிட் போதும். கேமராவைச் சட்டென்று திருப்பினால் திரை முழுவதும் மாறுகிறது. அந்த நொடிக்கும் நீங்கள் கொடுத்த பிட்ரேட் (நொடிக்கு அனுப்பும் பிட் அளவு) அதேதான். எனவே என்கோடர் நுணுக்கங்களைத் தூக்கி எறிந்து, பட்டை பட்டையாக நிரப்புகிறது.

எண்களில் பார்த்தால் இன்னும் தெளிவு. 1920×1080 அளவில் நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் என்கோடர் சமாளிக்க வேண்டியது 12.44 கோடி பிக்சல். 1280×720 அளவில் 30 ஃப்ரேம் என்றால் 2.76 கோடி. நாலரை மடங்கு வித்தியாசம். 2500 கேபிபிஎஸ் (நொடிக்கு 2500 கிலோபிட்) பிட்ரேட்டை முதலாவதில் பங்கு போட்டால் ஒரு பிக்சலுக்கு 0.02 பிட் கிடைக்கும், இரண்டாவதில் 0.09. பிட்ரேட்டை ஆயிரத்தால் பெருக்கி, அகலம், உயரம், ஃப்ரேம் எண்ணிக்கை மூன்றையும் பெருக்கி வந்த எண்ணால் வகுத்தால் இந்தக் கணக்கு வந்துவிடும்.

பிஜிஎம்ஐ, வேலோரன்ட் போன்ற வேகமான ஆட்டங்களுக்கு எச்.264-இல் 0.08 முதல் 0.1 வரை கிடைத்தால் படம் தாங்கும். 0.05-க்குக் கீழே போனால் ஓட்டத்தில் கரையும். சதுரங்கம், சீட்டாட்டம் போல அசைவு குறைந்தவற்றுக்கு 0.04 கூடப் போதும். 60 ஃப்ரேமுக்குப் போனால் பிட் இரட்டிப்பாக வேண்டியதில்லை, அடுத்தடுத்த ஃப்ரேம்கள் அதிகம் ஒத்திருப்பதால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு போதும். ஆனால் அப்லோடு குறைவாக இருக்கும்போது அந்த ஒன்றரை மடங்கும் ஆடம்பரம்தான்.

முதலில் அப்லோடை ஒழுங்காக அளந்து பாருங்கள்

வேகச் சோதனையில் பெரிதாகத் தெரியும் எண் டவுன்லோடு. நமக்கு வேண்டியது அப்லோடு. ஃபைபர் இணைப்புகளில் பல பிளான்களில் இரண்டும் சமமாக இருக்கும். 5ஜி வழி வரும் ஏர்ஃபைபர், மொபைல் டேட்டா, ஏரியா கேபிள்காரர் இழுத்துக் கொடுத்த பழைய இணைப்பு ஆகியவற்றில் அப்லோடு மிகவும் குறைவாகவே இருக்கும்.

சோதனையை நண்பகலில் செய்தால் பயனில்லை. நீங்கள் லைவ் போடும் நேரத்திலேயே, அதாவது இரவு 8 முதல் 11-க்குள் செய்யுங்கள். ஊக்லா ஸ்பீட்டெஸ்ட் தளத்தில் இணைப்பு வகையில் மல்டி என்று இருப்பதை சிங்கிள் என்று மாற்றுங்கள். லைவ் போடப் பயன்படும் மென்பொருளான ஓபிஎஸ் அனுப்புவது ஒரே ஒரு டிசிபி இணைப்பில். பல இணைப்புகளைச் சேர்த்து அளந்த எண் உங்களை ஏமாற்றும். சர்வராகப் பெங்களூருவுக்குள் இருப்பதைத் தேர்ந்தெடுக்காமல் மும்பையையோ சிங்கப்பூரையோ தேர்ந்தெடுங்கள். பக்கத்துத் தெரு சர்வர் எப்போதும் நல்ல எண்ணைத்தான் காட்டும். மூன்று இரவுகள், இரவுக்கு மூன்று முறை அளந்து, வந்தவற்றில் மிகக் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி வேண்டாம், லைவ் அறுந்துபோவது சராசரியில் அல்ல, பள்ளத்தில்தான்.

அந்தக் குறைந்த எண்ணில் 65 முதல் 70 சதவீதம்தான் உங்கள் மொத்த பிட்ரேட், ஆடியோவும் சேர்த்து. மீதி 30 எதற்கு? ஆட்டம் தன் சர்வருக்கு அனுப்பும் தகவல், டிஸ்கார்டில் பேசும் குரல், தொலைந்த பாக்கெட்டுகளைத் திரும்ப அனுப்பும் செலவு எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும். இங்கே விரலுக்கேற்ற வீக்கம்தான் சரி.

எந்த அப்லோடுக்கு என்ன அளவு

வேகமான ஆட்டம், எச்.264 என்று வைத்துக்கொண்டு:

அப்லோடு 1 எம்பிபிஎஸ்: 640×360, 30 ஃப்ரேம், வீடியோ 600 கேபிபிஎஸ், ஆடியோ 64.
அப்லோடு 1.5 எம்பிபிஎஸ்: 848×480, 30 ஃப்ரேம், வீடியோ 900, ஆடியோ 96.
அப்லோடு 2.5 எம்பிபிஎஸ்: 1024×576, 30 ஃப்ரேம், வீடியோ 1500, ஆடியோ 96 அல்லது 128.
அப்லோடு 4 எம்பிபிஎஸ்: 1280×720, 30 ஃப்ரேம், வீடியோ 2500, ஆடியோ 128.
அப்லோடு 6.5 எம்பிபிஎஸ்: 1280×720, 60 ஃப்ரேம், வீடியோ 4200, ஆடியோ 128. அசைவு குறைந்த ஆட்டமானால் இதே பிட்ரேட்டில் 1600×900, 30 ஃப்ரேம்.

வழக்கமான 854×480-ஐ விட்டுவிட்டு 848 என்று எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. எச்.264 படத்தை 16×16 பிக்சல் கட்டங்களாக வெட்டுகிறது. 848-உம் 480-உம் 16-ஆல் மீதியில்லாமல் வகுபடும், 1024×576-உம் அப்படியே. 854 வகுபடாது, ஓரத்தில் அரைகுறைக் கட்டம் விழும். 1024×576 பலர் கண்டுகொள்ளாத அளவு. 720பிக்கும் 480பிக்கும் நடுவில் தடுமாறுகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் பரிந்துரைப்பேன்.

கேம் லைவ் தளமான ட்விட்ச் எச்.264-க்கு 6000 கேபிபிஎஸ் வரை பரிந்துரைக்கிறது. ஆனால் அங்கே சிறிய சேனல்களுக்கு மற்ற தர அளவுகள் எப்போதும் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. நீங்கள் அனுப்பும் பிட்ரேட்டையே பார்வையாளரும் இழுக்க நேரிடலாம். கிராமத்தில் பலவீனமான சிக்னலில் பார்க்கிறவருக்கு 2500 ஓடும், 6000 சுற்றிக்கொண்டே நிற்கும். யூடியூப் எல்லா லைவையும் பல அளவுகளில் மறுபடி என்கோட் செய்து தருவதால் இந்தச் சிக்கல் அங்கே குறைவு.

ஓபிஎஸ்ஸில் மாற்ற வேண்டியவை

செட்டிங்ஸில் வீடியோ பக்கத்துக்குப் போங்கள். பேஸ் கேன்வாஸ் உங்கள் மானிட்டரின் அளவிலேயே இருக்கட்டும். அவுட்புட் அளவில் மேலே சொன்ன எண்ணைக் கையால் தட்டச்சு செய்யுங்கள். பட்டியலில் இல்லாவிட்டாலும் ஏற்றுக்கொள்ளும். டவுன்ஸ்கேல் ஃபில்டருக்கு லான்சோஸ் கூர்மையானது. ஆனால் 1500 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே பைக்யூபிக்கே மேல். கூர்மையான விளிம்பு ஒவ்வொன்றும் பிட் தின்னும், சற்றே மென்மையான படம் சுருங்க எளிது. இதே காரணத்தால் ஷார்ப்பனிங் ஃபில்டர் எதையும் போடாதீர்கள். அவுட்புட் பக்கத்தில் ரீஸ்கேல் என்று இன்னொரு வசதி இருக்கும், அதைத் தொடாதீர்கள். இரண்டு முறை சுருக்கினால் எழுத்துகள் மங்கும்.

அவுட்புட் பக்கத்தில் மோடை அட்வான்ஸ்டு ஆக்குங்கள். ரேட் கன்ட்ரோல் சிபிஆர் (மாறாத பிட்ரேட்). பிட்ரேட் ஏறி இறங்கும் விபிஆர், சிக்யூபி எல்லாம் ரெக்கார்டிங்குக்கு நல்லவை. லைவில் அவை சண்டைக் காட்சியில் திடீரென்று ஏறி, சிறிய அப்லோடை அடைத்துவிடும். கீஃப்ரேம் (முழுப் படமாகப் போகும் ஃப்ரேம்) இன்டர்வல் 2 நொடி. இதை 0 அல்லது ஆட்டோ என்று விட்டால் இடைவெளி தாறுமாறாகும். யூடியூப் எச்சரிக்கை காட்டும். ப்ரொஃபைல் ஹை.

ஆடியோவைக் குறைத்துப் பிட் மிச்சம் பிடிக்க நினைப்பார்கள். 160-இலிருந்து 96-க்கு இறக்குவதில் தவறில்லை, பேச்சுக்கு 96 கேபிபிஎஸ் ஏஏசி தாராளம். 64-க்குக் கீழே மட்டும் போகாதீர்கள். படம் கொஞ்சம் மங்கினால் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார், குரல் கரகரத்தால் போய்விடுவார்.

அட்வான்ஸ்டு பக்கத்தின் கீழே நெட்வொர்க் பகுதி. நெரிசலுக்கேற்ப பிட்ரேட்டைத் தானாக மாற்றும் டைனமிக் பிட்ரேட் வசதியை டிக் செய்யுங்கள். இணைப்பு தடுமாறும்போது ஃப்ரேம்களை உதிர்ப்பதற்குப் பதில் தரத்தைத் தற்காலிகமாக இறக்கும், சீரானதும் மெல்ல ஏற்றும். தானாக ரீகனெக்ட் ஆகும் வசதியும் இயங்கட்டும். விண்டோஸில் டிசிபி பேசிங் என்றொரு தேர்வு உண்டு. லைவ் போட்டவுடன் கேமில் பிங் (சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) எகிறுகிறது என்றால் இதைப் போட்டுப் பாருங்கள். வீடியோவை மொத்தமாக வாரி இறைக்காமல் சீராக அனுப்பும். இணைப்பு நிலையற்றதாக இருந்தால் ஃப்ரேம் உதிரும் அபாயம் சற்று கூடும், அதனால் ஒரு சோதனை ஓட்டத்துக்குப் பிறகே நிரந்தரமாக்குங்கள்.

யூடியூப் லைவ் கன்ட்ரோல் ரூமில் லேட்டன்சியை (பார்வையாளருக்குப் போய்ச் சேரும் தாமதத்தை) நார்மலில் வையுங்கள். அல்ட்ரா லோவில் பார்வையாளரின் பிளேயர் மிகக் குறைவாகவே முன்கூட்டிச் சேமிக்கும், உங்கள் பக்கம் சின்ன விக்கல் வந்தாலும் அவருக்குச் சுற்ற ஆரம்பித்துவிடும். சாட்டுக்குப் பதில் சொல்லச் சில நொடிகள் தாமதமாகும். மெதுவான இணைப்பில் அந்த விலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

பிட் குறைவென்றால் என்கோடர் கூடுதலாக உழைக்க வேண்டும்

இந்த இடத்தில்தான் பலர் வாய்ப்பைத் தவறவிடுகிறார்கள். ஒரே பிட்ரேட்டில், கணினி அதிக நேரம் யோசித்துச் சுருக்கினால் படம் தெளிவாகும். சிபியுவில் ஓடும் என்கோடரான எக்ஸ்264-இன் வழக்கமான ப்ரீசெட் (வேக அமைப்பு) வெரிஃபாஸ்ட். நீங்கள் 1080பியிலிருந்து 720பி 30-க்கு இறங்கியிருந்தால் சிபியுவுக்கு நிறைய மூச்சு கிடைத்திருக்கும். அதை வீணாக்காமல் ஃபாஸ்டர், ஃபாஸ்ட், மீடியம் என்று ஒவ்வொரு படியாக ஏறுங்கள். ஒவ்வொரு படியிலும் அரை மணி நேரம் ஆடிப் பார்த்து, என்கோடிங் லேக் வராதவரை ஏறலாம். ஆறு கோர் உள்ள சிபியுவில், ஆட்டம் சிபியுவை அதிகம் கேட்காவிட்டால், 576பி 30-க்கு மீடியம் ஓடும். மீடியத்தைத் தாண்டி ஸ்லோவுக்குப் போவதில் கிடைக்கும் லாபம் சிறிது, செலவு பெரிது.

என்விடியா கார்டு இருந்தால் அதற்குள்ளேயே இருக்கும் என்வென்க் என்கோடர். டூரிங் தலைமுறையிலிருந்து, அதாவது ஜிடிஎக்ஸ் 1660, ஆர்டிஎக்ஸ் 20 வரிசையிலிருந்து இதன் தரம் நன்றாக உயர்ந்தது. ஜிடிஎக்ஸ் 1650-இன் முதல் பதிப்பில் மட்டும் பழைய தலைமுறை என்கோடர் இருக்கிறது, செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது கவனியுங்கள். ப்ரீசெட் பி6, மல்டிபாஸ் குவார்ட்டர் ரெசொலூஷன், சைக்கோ விஷுவல் ட்யூனிங் ஆன், பி-ஃப்ரேம் 2. கார்டு 90 சதவீதத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தால் லுக்-அஹெட்டை அணைத்துவிடுங்கள். இன்டெல் சிபியு மட்டும் உள்ள லேப்டாப் என்றால் க்விக்சிங்க் என்கோடர் இருக்கிறது. ஆனால் பழைய லேப்டாப்பில் க்விக்சிங்க்கின் 720பியைவிட எக்ஸ்264 ஃபாஸ்டரின் 576பி நன்றாக வரும். இரண்டையும் ஒரே காட்சியில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

யூடியூபில் மட்டும் இன்னொரு கதவு திறந்திருக்கிறது. 2023-இல் வந்த ஓபிஎஸ் 29.1 முதல் ஏவி1, எச்இவிசி என்ற புதிய சுருக்க வடிவங்களிலும் யூடியூபுக்கு நேரடியாக அனுப்பலாம். ஆர்டிஎக்ஸ் 40 வரிசை, இன்டெல் ஆர்க், ஏஎம்டி ஆர்எக்ஸ் 7000 வரிசைக் கார்டுகளில் ஏவி1 ஹார்டுவேர் என்கோடர் உண்டு. எச்இவிசி அதற்கு முந்தைய பல கார்டுகளிலேயே இருக்கிறது. ஏவி1-இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பிட் மிச்சமாகும், அதாவது 2500 கேபிபிஎஸ்ஸில் எச்.264-இன் 3750 அளவுக்குப் படம் நிற்கும். யூடியூப் அதை மாற்றி அனுப்பிவிடுவதால் பழைய கைபேசிக்காரரும் பார்க்கலாம். இந்தக் கார்டு கையில் இருந்தும் எச்.264-லேயே ஓட்டிக்கொண்டிருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். இந்தக் கட்டுரையில் வேறெந்த மாற்றமும் ஒரே சொடுக்கில் இவ்வளவு தராது.

வீட்டுக்குள் கசியும் வேகம்

நெட் மெதுவாக இருப்பது எப்போதும் தெருவிலிருந்து வரும் கம்பியின் குற்றமல்ல. அறைக்குள் வைஃபையில் பாதி தொலைந்துபோகிறது. பிடிஎம், மாரத்தஹள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி பக்கத்து பிஜிகளில் ஒரே மாடியில் பத்துப் பதினைந்து ரூட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருக்கும். லைவுக்கு லேன் கேபிள்தான் சரி. ஓனரிடம் கேட்டு, ஜன்னல் வழியாகவோ படிக்கட்டு ஓரமாகவோ ஒரு கேட்6 கேபிள் இழுத்துக்கொள்ளுங்கள். 100 மீட்டர் வரை தாங்கும்.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் கேபிள் வாங்கும்போது முழுத் தாமிரமா என்று கேட்டு வாங்குங்கள். மலிவாகக் கிடைப்பதில் பல, அலுமினியக் கம்பிக்கு மேல் தாமிரப் பூச்சு. கம்பியின் மேற்பரப்பைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளியாகத் தெரியும். அது இரண்டு மீட்டருக்குப் பரவாயில்லை. முப்பது மீட்டர் இழுத்து, வளைத்துக் கட்டினால் கம்பி உடையும், இணைப்பு விட்டுவிட்டு வரும். கணினியில் 1 ஜிபிபிஎஸ்ஸுக்குப் பதில் 100 எம்பிபிஎஸ் என்று காட்டினால் அதற்காகக் கவலை வேண்டாம், நம் தேவைக்கு அது பல மடங்கு அதிகம். விட்டுவிட்டு வராமல் இருப்பதுதான் முக்கியம்.

கேபிளுக்கு வழியே இல்லையென்றால் 5 கிகாஹெர்ட்ஸில் இணையுங்கள். அது சுவரைத் தாண்டி வராத இடத்தில், 2.4-இல் 1, 6, 11 ஆகிய சேனல்களில் கூட்டம் குறைந்ததைத் தேர்ந்தெடுத்து, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். புளூடூத் ஹெட்செட்டும் அதே 2.4-இல்தான் இயங்குகிறது, லைவ் நேரத்தில் கம்பி வைத்த ஹெட்செட் நல்லது.

அடுத்து, உங்களுக்குத் தெரியாமல் அப்லோடைக் குடிப்பவை. கைபேசியில் கூகுள் ஃபோட்டோஸ் பேக்கப், வாட்ஸ்அப்பின் நள்ளிரவு பேக்கப், கணினியில் ஒன்டிரைவ், கிளவுடுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும் வாசல் கேமரா. விண்டோஸில் டெலிவரி ஆப்டிமைசேஷன் என்று ஒரு பகுதி உண்டு. தான் இறக்கிய அப்டேட்டை மற்ற கணினிகளுக்கு உங்கள் அப்லோடில் அனுப்பக்கூடியது. செட்டிங்ஸில் போய் அணைத்துவிடுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் லைவ் போட்டதும் பிங் 20-இலிருந்து 200-க்குத் தாவுகிறதா? கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து 8.8.8.8 முகவரிக்குத் தொடர்ந்து பிங் ஓடவிட்டு, லைவைத் தொடங்கியும் நிறுத்தியும் பாருங்கள். லைவ் ஓடும்போது மட்டும் ஏறினால் ரூட்டரின் வரிசை நிரம்புகிறது என்று பொருள். சில்க் போர்டு சிக்னலில் லாரி வரிசைக்குப் பின்னால் மாட்டிய டூவீலர் போல, கேமின் சின்னப் பாக்கெட் வீடியோ பாக்கெட்டுகளுக்குப் பின்னால் காத்துக் கிடக்கிறது. ஓபன்டபிள்யூஆர்டி (ரூட்டருக்கான திறந்த மென்பொருள்) ஏற்கும் ரூட்டர் இருந்தால் அதில் இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்க்யூஎம்மை நிறுவி, கேக் முறையைத் தேர்ந்தெடுத்து, அளந்த அப்லோடில் 85 முதல் 90 சதவீதத்தை வரம்பாகப் போடுங்கள். பிங் இறங்கிவிடும். சாதா ரூட்டரானால் க்யூஓஎஸ் (எதற்கு முன்னுரிமை என்று அமைக்கும்) பகுதியில் மற்றவர்களின் சாதனங்களுக்கு அப்லோடு வரம்பு வைக்க முடியுமா பாருங்கள். அதுவும் இல்லாவிட்டால் பிட்ரேட்டை இன்னும் 300 குறைப்பதே வழி.

ஆட்டத்தின் காட்சியையும் இலகுவாக்குங்கள்

மோஷன் ப்ளர், ஃபிலிம் கிரெயின், கேமரா ஷேக் மூன்றையும் ஆட்டத்தின் செட்டிங்ஸில் அணையுங்கள். ஃபிலிம் கிரெயின் என்பது ஒவ்வொரு ஃப்ரேமிலும் புதிதாக விழும் புள்ளிமழை. அதைச் சுருக்கவே முடியாது, என்கோடரின் பிட் முழுவதையும் விழுங்கும். புல், இலை அடர்த்தியைக் குறைப்பது வேகமான ஆட்டங்களில் கண்ணுக்குத் தெரியும் மாற்றத்தைத் தரும். எஃப்பிஎஸ்ஸை (நொடிக்கு வரும் ஃப்ரேம் எண்ணிக்கையை) 60 அல்லது 120-இல் பூட்டுங்கள். 30-இன் மடங்காக இருந்தால் லைவில் அசைவு சீராகத் தெரியும், கிராஃபிக்ஸ் கார்டிலும் ஓபிஎஸ்ஸுக்கு இடம் மிஞ்சும்.

முகம் காட்டும் வெப்கேம் இருட்டறையில் இருந்தால் அதுவும் புள்ளிமழைதான். முகத்துக்கு நேராக ஒரு எல்இடி பல்பு, பின்னால் வெறும் சுவர், திரையில் பத்தில் ஒரு பங்கு இடம். மினுங்கும் ஓவர்லே, ஓடும் எழுத்துப்பட்டை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அசையாத ஓவர்லேக்கு ஏறக்குறைய செலவே இல்லை.

ஸ்டேட்ஸ் சொல்வதைப் படியுங்கள்

சோதனைக்கு யூடியூபில் ப்ரைவேட் லைவ் ஒன்றை 20 நிமிடம் ஓட்டுங்கள். ட்விட்ச் என்றால் ஓபிஎஸ்ஸின் ஸ்ட்ரீம் பக்கத்தில் பேண்ட்வித் டெஸ்ட் மோடைப் போட்டால் யாருக்கும் தெரியாமல் ஓடும், ட்விட்ச் இன்ஸ்பெக்டர் தளத்தில் வரைபடமாகப் பார்க்கலாம். சோதனையின்போது மெனுவில் நிற்காமல் உண்மையாகவே சண்டை போடுங்கள். வியூ மெனுவில் ஸ்டேட்ஸைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே மூன்று எண்கள் உண்டு. மூன்றுக்கும் மருந்து வேறு. பலர் எது ஏறினாலும் பிட்ரேட்டைக் குறைக்கிறார்கள், அதனால் எதுவும் சரியாவதில்லை.

நெட்வொர்க் காரணமாக உதிர்ந்த ஃப்ரேம்கள் ஏறினால் மட்டுமே இணைப்பில் கோளாறு. பிட்ரேட்டைக் குறையுங்கள், கேபிளைப் பாருங்கள், வேறு சர்வரைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். என்கோடிங் லேக் ஏறினால் சிபியு திணறுகிறது. ப்ரீசெட்டை ஒரு படி இறக்குங்கள், இணைப்பைத் தொட வேண்டாம். ரெண்டரிங் லேக் ஏறினால் கிராஃபிக்ஸ் கார்டை ஆட்டமே முழுதாக எடுத்துக்கொண்டுவிட்டது. எஃப்பிஎஸ்ஸைப் பூட்டி, ஓபிஎஸ்ஸை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால் விண்டோஸ் அதற்கு முன்னுரிமை கொடுக்கும். மூன்றும் பூஜ்யமாக இருந்தும் படம் கட்டம் கட்டுகிறதென்றால் பிக்சல் அதிகம், பிட் குறைவு. அளவை ஒரு படி இறக்குங்கள். மூன்றும் பூஜ்யம், படமும் தெளிவு, ஒருவர் மட்டும் சுற்றுகிறது என்கிறார் என்றால் கோளாறு அவர் பக்கத்தில்.

கைபேசியிலிருந்தே போடுகிறவர்களுக்கு

யூடியூப் ஆப்பில் நேரடியாக லைவ் போட 50 சந்தாதாரர்கள் வேண்டும். ப்ரிஸம் லைவ், ஸ்ட்ரீம்லேப்ஸ் போன்ற ஆப்களில் 720பி, 30 ஃப்ரேம், 1500 முதல் 2000 கேபிபிஎஸ் என்று கையால் அமையுங்கள். ஆட்டத்தின் ஒலியை நேரடியாகப் பிடிக்க ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பிந்தையது தேவை. அறைக்குள் 5ஜி சிக்னல் பலவீனமாக இருந்தால் கைபேசி 4ஜிக்கும் 5ஜிக்கும் மாறி மாறித் தாவும். ஒவ்வொரு தாவலிலும் லைவ் விக்கும், 4ஜியிலேயே பூட்டிவிடுவது மேல். சூடானால் கைபேசி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதனால் உறையைக் கழற்றி, விசிறிக்கு நேரே வையுங்கள். கணினிக்கு நெட் கொடுப்பதானால் ஹாட்ஸ்பாட் வேண்டாம், யூஎஸ்பி டெதரிங் (கேபிள் வழியே நெட் கொடுப்பது).

டேட்டா கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். வீடியோ 2500, ஆடியோ 128 என்றால் மணிக்கு ஏறத்தாழ 1.2 ஜிபி. நாளுக்கு 2 ஜிபி என்ற பேக் ஒன்றரை மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டியதும் முடிந்துவிடும்.

கரண்ட் போனால், பிறகு ரெக்கார்டிங்

மழைக்கால மாலைகளில் பெங்களூருவில் கரண்ட் போய் வருவது புதிதல்ல. லேப்டாப்பில் பேட்டரி இருக்கும், ரூட்டர் செத்துவிடும். ரூட்டருக்கென்றே விற்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று வாங்குங்கள். வாங்கும் முன் ரூட்டர் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் ஆம்பியரைப் பாருங்கள், 1, 1.5, 2 என்று மாறும். யூபிஎஸ் அதற்குச் சமமாகவோ அதிகமாகவோ தர வேண்டும். ஃபைபர் பெட்டி தனி, ரூட்டர் தனி என்று இருந்தால் இரண்டுக்கும் வேண்டும், ஒன்றுக்கு மட்டும் கொடுத்துப் பயனில்லை.

மெதுவான இணைப்பு கெடுப்பது லைவை மட்டும்தான், ஆட்டத்தை அல்ல. எனவே லைவ் ஓடும்போதே ஓபிஎஸ்ஸில் தனியாக நல்ல தரத்தில் ரெக்கார்டும் செய்யுங்கள். ரெக்கார்டிங் பகுதியில் ஸ்ட்ரீமின் என்கோடரையே பயன்படுத்து என்று இருப்பதை மாற்றி, என்வென்க், சிக்யூபி 21 என்று வையுங்கள். அவுட்புட் அளவு 720பியாக இருந்தாலும் கட்டமே விழாத 720பி கிடைக்கும். எம்கேவி வடிவத்தில் சேமியுங்கள். சாதாரண எம்பி4 கோப்பு பாதியில் கரண்ட் போனால் திறக்காது, எம்கேவி அதுவரை பதிவானதைக் காப்பாற்றும். பிறகு ஃபைல் மெனுவில் ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ் கொடுத்தால் தரம் குறையாமல் சில நொடிகளில் எம்பி4 ஆகிவிடும். அதை இரவு ஒரு மணிக்கு மேல், பிஜியில் எல்லோரும் தூங்கிய பிறகு ஏற்றிவிட்டுப் படுங்கள். 4 எம்பிபிஎஸ் அப்லோடில் 5 ஜிபி கோப்பு ஏற ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும், காலையில் கண் விழிக்கும்போது ஏறி முடிந்திருக்கும்.